உங்களுக்குத் தெரியுமா? குதிகால் வலியோடும் தீம் பார்க்கை ஒரு கை பார்க்கலாம்!

உங்கள் உடம்பில் மொத்தம் 206 எலும்புகள். அதில் இரண்டு பாதங்களுக்குள் மட்டும் எத்தனை? 52! நாலில் ஒரு பங்கு எலும்பு கணுக்காலுக்குக் கீழேதான் குடியிருக்கிறது!

ஒரே ஒரு பாதத்தில் 33 மூட்டுகள்! தசை, தசைநார், இணைப்பு நார் எல்லாம் சேர்த்து எண்ணினால் நூற்றைத் தாண்டும்! இத்தனையும் உள்ளங்கை அகலச் செருப்புக்குள் அடக்கம்!

தீம் பார்க்கில் ஒரு நாள் சுற்றினால் 8 கிலோமீட்டர் நடப்பது சர்வ சாதாரணம். அதாவது சுமார் 11,000 எட்டு. ஒரு குதிகாலுக்கு 5,500 அடி. உங்கள் எடை 60 கிலோ என்றால், அன்று ஒரே ஒரு குதிகால் தாங்கிய மொத்தப் பாரம் 330 டன்! ஆலங்குளம் அரசு சிமென்ட் ஆலை 1970-இல் இருந்து மூட்டை மூட்டையாக அனுப்புகிறதே, அந்த 50 கிலோ மூட்டைக் கணக்கில் சொன்னால் 6,600 மூட்டை! அதுவும் ஒரு காலுக்கு!

கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்த நாள் 1955 ஜூலை 17. வெயில் 38 டிகிரி செல்சியஸ். புதுசாகப் போட்ட தார் இளகிவிட்டது. ஹை ஹீல்ஸ் போட்டு வந்த பெண்களின் குதிகால்கள் ரோட்டுக்குள்ளேயே புதைந்தன! உலகின் மிகப் புகழ்பெற்ற தீம் பார்க்கில் முதல் நாளே மாட்டிக்கொண்டது குதிகால்தான்!

அன்று உள்ளே இருந்தவர்கள் சுமார் 28,000 பேர். பாதிக்குப் பாதி கள்ள டிக்கெட் என்று சொல்வார்கள். பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்களும் சரிவர இல்லை! நம் ஊர் டூர் வேனில் தண்ணீர் கேன் ஏற்றுகிறோமே, அது எவ்வளவு பெரிய முன்யோசனை பாருங்கள்!

குதிகால் வலி உங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தீர்களா? வாழ்நாளில் 10 பேரில் ஒருவருக்கு இது வந்தே தீருகிறது! 40 முதல் 60 வயதுக்குள்தான் அதிகம். ஒரு வேனில் 20 பேர் ஏறினால், கணக்குப்படி 2 பேர் இந்த வலிக்குச் சொந்தக்காரர்கள்!

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் எட்டு ஏன் ஆணி குத்துகிற மாதிரி உயிரை எடுக்கிறது? குதிகாலில் தொடங்கி விரல்கள் வரை உள்ளங்காலுக்கு அடியில் ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுகிறது. நீங்கள் தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்கிறது. பட்டை இரவெல்லாம் சுருங்கியே கிடக்கிறது. எழுந்து நின்றதும் மொத்த உடம்பு எடையும் அதை ஒரே இழுப்பாக இழுக்கிறது!

இதே கதைதான் வேனிலும்! ஆலங்குளத்தில் விடியற்காலை ஏறி, காலைத் தொங்கப்போட்டபடி மதுரை வரை உட்கார்ந்தே போகிறீர்கள். பரவையில் ‘அதிசயம்’ பார்க் வாசலில் குதித்து இறங்கும் அந்த முதல் எட்டு, கட்டிலிலிருந்து இறங்கும் முதல் எட்டுக்குச் சற்றும் சளைத்ததல்ல!

இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. செலவு பூஜ்யம்! வண்டி பார்க்கிங்குக்குள் திரும்பும்போதே செருப்பைக் கழற்றுங்கள். வலிக்கிற காலைத் தூக்கி மற்ற தொடையின் மேல் போடுங்கள். ஒரு கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து, முழங்காலை நோக்கி மெதுவாக இழுங்கள். மற்றக் கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள்: பட்டை விறைப்பாகத் தட்டுப்படும். தட்டுப்பட்டால் சரியாகச் செய்கிறீர்கள்! 10 எண்ணும் வரை பிடியுங்கள், விடுங்கள். இப்படி 10 தடவை. அவ்வளவுதான், இறங்கலாம்!

இது பாட்டி சொன்ன கதை என்று நினைக்காதீர்கள். 2003-இல் அமெரிக்க எலும்பியல் இதழில் வந்த ஆய்வு இது! வெறும் கெண்டைக்காலை மட்டும் நீட்டி மடக்கியவர்களைவிட, விரலை இழுத்துப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது. நாளுக்கு 3 வேளை, அதிலும் முதல் வேளை காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்பே!

விரலைத் தூக்கினால் பாதத்தின் வளைவும் தானாக எழும்புகிறது, கவனித்திருக்கிறீர்களா? இப்போதே செய்து பாருங்கள். நின்றபடி பெருவிரலை மட்டும் மேலே தூக்குங்கள். உள்ளங்கால் குழிவு கண்ணெதிரே கூடுகிறதா? ஹிக்ஸ் என்ற ஆங்கிலேயர் இதை எழுதி வைத்த ஆண்டு 1954! நார்ப்பட்டை கப்பி போட்டது போல் இறுகி, குதிகாலையும் விரலையும் கிட்டே இழுக்கிறது. நீங்கள் வைக்கும் ஒவ்வொரு எட்டிலும்!

நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வலி வரும் வாய்ப்பு 3.6 மடங்கு! உடல் எடைக் குறியீடு 30-ஐத் தாண்டியவர்களுக்கு 5.6 மடங்கு! இதெல்லாம் பரவாயில்லை. கெண்டைக்கால் இறுகிப்போய், பாதத்தை மேல்நோக்கி மடக்கவே முடியாதவர்களுக்கு எவ்வளவு தெரியுமா? 23 மடங்கு! இதுவும் 2003-இல் வந்த ஆய்வுதான். உண்மையான வில்லன் கெண்டைக்கால்!

சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் இரும்பாணி அடித்த செருப்புக்கு அனுமதியே கிடையாது! ஆணி உரசி ஒரு பொறி பறந்தால் போதும். அதனால் பருத்தி உடை, தரையில் ரப்பர் விரிப்பு, பல இடங்களில் வெறுங்கால். அந்தப் பாதங்களுக்குத்தான் தீபாவளி முடிந்ததும் விடுமுறையும் டூரும்! வருஷமெல்லாம் உழைத்த குதிகாலை அந்த ஒரு நாளாவது நல்ல செருப்புக்குள் வைக்க வேண்டாமா?

குதிகாலுக்கு அடியில் இயற்கை ஒரு மெத்தை தைத்து வைத்திருக்கிறது. சின்னச் சின்ன அறைகளுக்குள் அடைத்து வைத்த கொழுப்பு. அதன் தடிமன் 2 சென்டிமீட்டர்கூட இல்லை! உங்கள் மொத்த எடையும் வாழ்நாள் முழுக்க இறங்குவது அதன் மேல்தான்!

கெட்ட செய்தி: நாற்பதைத் தாண்டினால் அந்த மெத்தை மெலியத் தொடங்குகிறது. நல்ல செய்தி: கடையில் விற்கும் சிலிக்கோன் குதிகால் கப் அந்த வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். உள்ளங்கையில் அடங்கும், செருப்புக்குள் இல்லை, ஷூவுக்குள் போடுவது!

‘எக்ஸ்ரேயில் எலும்பு முள்ளு வளர்ந்திருக்காம்’ என்று பயந்து கிடக்கிறீர்களா? வலியே இல்லாமல் ஓடி ஆடும் பலருடைய எக்ஸ்ரேயிலும் அதே முள் இருக்கிறது! முள் இருந்தும் வலியில்லாதவர்கள் உண்டு. வலி இருந்தும் முள் இல்லாதவர்கள் உண்டு. படத்தைப் பார்த்து டூரை ரத்து செய்யாதீர்கள்!

அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் ஜோ டிமாஜியோ குதிகால் முள்ளால் 1949-இல் முதல் 65 ஆட்டங்களைத் தவறவிட்டார். திரும்பி வந்த மூன்றே ஆட்டங்களில் 4 ஹோம் ரன்!

அந்தக் குதிகால் நோபல் வரைக்கும் போனது! ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ நாவலில், நடுக்கடலில் மீனோடு போராடும் கிழவன் டிமாஜியோவின் குதிகால் முள்ளை நினைத்துப் பார்க்கிறான். புத்தகம் 1952. நோபல் 1954!

நம் தங்க மங்கை பி.டி. உஷாவை 1988 சியோல் ஒலிம்பிக் நேரத்தில் முடக்கிப்போட்டதும் குதிகால் காயம்தான்! அதற்கு முந்தைய ஒலிம்பிக்கில் வெண்கலத்தைத் தவறவிட்டாரே, எவ்வளவு இடைவெளியில்? ஒரு நொடியின் 100-இல் ஒரு பங்கு!

இப்போது வருகிறது இந்த வாரத்தின் மகா கண்டுபிடிப்பு! செருப்புக்கடைக்குப் போய், ‘குதிங்கால் வலிக்குது, எம்.சி.ஆர். செருப்பு குடுங்க’ என்று கேட்கிறோமே, அது எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்கா அல்ல, ஜெர்மனி அல்ல. நம் வேலூர்!

வேலூர் சி.எம்.சி.யிலும் பக்கத்துக் கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்காகப் பாடுபட்டவர் டாக்டர் பால் பிராண்ட். அவருடைய நோயாளிகளின் கால்களுக்கு வலி தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது, கல் அழுத்தினாலும் தெரியாது. நடந்து நடந்தே பாதம் புண்ணாகிப் போகும். நோய் நேராகச் சதையைத் தின்னவில்லை, உணர்ச்சியில்லாத பாதத்தின் மேல் விழும் அழுத்தம்தான் புண்ணாக்குகிறது என்று அவர் குழு நிரூபித்தது! அந்த அழுத்தத்தைப் பரப்பித் தாங்கத்தான், கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிறைந்த அந்த மெத்து ரப்பர்!

எம்.சி.ஆர். ரப்பரின் மென்மைக்கு அளவுகூட உண்டு. ஷோர் அளவையில் 15 டிகிரி! கட்டைவிரலால் அழுத்தினால் பாதியளவு அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தால் அது காலம் முடிந்த செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு டூர் போகாதீர்கள்!

அந்தப் பால் பிராண்ட் எங்கே பிறந்தார்? நம் கொல்லிமலையில்! தேதி? 1914 ஜூலை 17! மேலே போய் டிஸ்னிலேண்ட் தேதியைப் பாருங்கள். அதே ஜூலை 17! தார் ரோட்டில் ஹை ஹீல்ஸ் புதைந்த அன்றைக்கு, பாதங்களுக்கு மெத்தை தேடிய தமிழ்நாட்டு டாக்டருக்கு 41-வது பிறந்தநாள்!

வலியே ஒரு வரம் என்று முழுப் புத்தகம் எழுதியவரும் இவர்தான்! ஆண்டு 1993. வலிக்கிற குதிகால், நொண்ட வைத்தாவது உங்களை உட்கார வைத்துவிடுகிறது. வலிக்காத கால்தான் ஆபத்து!

அதனால்தான் சொல்கிறேன், சர்க்கரை நோய் உள்ளவர்கள் தீம் பார்க்கில் ஓர் எட்டுகூட வெறுங்காலில் வைக்காதீர்கள்! மத்தியான வெயிலில் சுடும் தரை உங்கள் காலுக்குத் தெரியாமலே போகலாம். கொப்புளம் சாயந்தரம்தான் கண்ணில் படும்!

உங்கள் காலுக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க டாக்டரிடம் இருக்கும் கருவி ஒரு நைலான் இழை! பாதத்தில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளையும். அது தொட்டது தெரியவில்லை என்றால் எச்சரிக்கை! ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிஷம்தான். டூருக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்!

டூருக்கென்று புதுச் செருப்பு வாங்கி அன்றைக்கே மாட்டுகிறவரா நீங்கள்? 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தான். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலாவுக்குக் கொடுத்த ஷூ சரியாகப் பொருந்தவில்லை. கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு 42 கிலோமீட்டர் ஓடினார். தங்கம்! நேரம் 2 மணி 15 நிமிஷம் 16 நொடி! பொருந்தாத புது ஷூவைவிட வெறுங்கால் மேல் என்று முடிவெடுத்தவர் ஒலிம்பிக் சாம்பியன்!

நீங்கள் பிகிலா இல்லை. ஆகவே இரண்டு வாரம் முன்னாலேயே வாங்கி, வீட்டுக்கும் கடைக்கும் போட்டுப் பழக்குங்கள்!

செருப்பை எப்போது வாங்குவது? சாயந்தரம்! நடந்து நின்ற பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாகப் பொருந்தியது சாயந்தரம் கடிக்கும். தீம் பார்க்கில் உங்களுக்கு வேண்டியது சாயந்தரக் காலுக்கான செருப்பு!

இரண்டு பாதமும் ஒரே அளவு என்று யார் சொன்னது? பெரும்பாலோருக்கு ஒன்று சற்றுப் பெரிசு! பெரிய காலுக்குப் பொருந்துவதைத்தான் வாங்க வேண்டும்!

7-ஆம் நம்பருக்கும் 8-ஆம் நம்பருக்கும் உள்ள வித்தியாசம் என்ன? ஒரே ஒரு பார்லி மணி! அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. கம்ப்யூட்டர் காலத்திலும் உங்கள் கால் தானியத்தால்தான் அளக்கப்படுகிறது!

அந்த வெள்ளைக்கார அளவு நம் காலுக்குப் பொருந்துமா? சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்காக நாடு முழுக்கக் கால்களை அளந்தது. எத்தனை பேர்? 1,01,880! 3டி ஸ்கேனரில்! முடிவு: நம் பாதங்கள் அவர்களுடையதைவிட அகலம்! நீளத்துக்குப் பார்த்து வாங்கினால் பக்கவாட்டில் நெரிக்கிறது. அகலத்துக்குப் பார்த்து வாங்கினால் குதிகால் லொட லொடக்கிறது. நமக்கே நமக்காக முன்மொழிந்த அளவுமுறையின் பெயர் ‘பா’, பாரதத்தின் முதலெழுத்து!

அதே ஆய்வில் இன்னொரு வியப்பு. பெண்களின் பாத வளர்ச்சி உச்சத்தைத் தொடுவது 11 வயதில்! ஆண்களுக்கு 15, 16!

கடையிலேயே ஷூவை இரண்டு கையால் பிடித்து மடக்குங்கள். விரல் பக்கம் மடங்கினால் நல்ல ஷூ. நட்டநடுவில் இரண்டாக மடங்கினால் வைத்துவிட்டு வாருங்கள். சோதனைக்கு ஆகும் நேரம் 3 நொடி!

இரண்டு பாதங்களிலும் சேர்த்து வியர்வைச் சுரப்பிகள் சுமார் 2,50,000! சாக்ஸ் நனைந்தால் தோல் ஊறும். ஊறிய தோல் உரசினால் கொப்புளம். பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் போடுங்கள், மதியச் சாப்பாட்டோடு மாற்றுங்கள்!

கொப்புளம் வந்தே விட்டதா? காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணியை நாட்டுக்கே நெய்து அனுப்பும் ஊர் நம் ராஜபாளையம் அருகே உள்ள சத்திரப்பட்டி! உலகச் சுற்றுலா போனாலும் முதலுதவிப் பெட்டியில் நம் பக்கத்து ஊர்த் தறி கூடவே வரலாம்!

உலகின் முதல் ராட்சத ராட்டினம் 1893-இல் சிகாகோவில் சுற்றியது. உயரம் 264 அடி. 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர், ஒரே நேரத்தில் 2,160 பேர்! ஒரு சவாரி 20 நிமிஷம்! 20 நிமிஷம் உட்கார்ந்தே ஊரைப் பார்க்கலாம். குதிகால்காரர்களுக்கு இதைவிட நல்ல ரைடு இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பேன்!

நடப்பதைவிட வரிசையில் சும்மா நிற்பதுதான் காலுக்குக் கொடுமை! நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. நின்றால் அந்தப் பம்ப் ஓய்ந்துவிடும். ரத்தம் காலிலேயே தேங்கும். வீக்கம்!

வரிசையில் கம்பி இருக்கிறதா? பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு காலைப் பின்னால் வையுங்கள், குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முன் முழங்காலை மடக்குங்கள். 30 நொடி. மாற்றுங்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன நினைப்பார் என்ற கவலையே வேண்டாம். பத்து நிமிஷத்தில் அவரும் செய்வார்!

இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் உங்கள் எடை பாதி! நெஞ்சளவு என்றால் மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும்! 60 கிலோ ஆள் வேவ் பூலுக்குள் 20 கிலோ! மத்தியானம் 12 முதல் 3 வரை தண்ணீர் விளையாட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கும் ஆச்சு, குதிகாலுக்கும் ஆச்சு!

ஆனால் தண்ணீருக்குப் போகும் வழிதான் வம்பு. செருப்பை லாக்கரில் வைத்துவிட்டு, சொரசொரத் தரையில் வெறுங்காலோடு அங்குமிங்கும் நடக்கிறோம். குளத்தின் விளிம்பு வரை ரப்பர் செருப்போடு போய், அங்கேயே கழற்றுங்கள்!

ஐஸ் கட்டியாக உறைந்த தண்ணீர் பாட்டில் வாங்குகிறீர்களே, அது வெறும் தண்ணீர் அல்ல, மருந்து! பெஞ்சில் உட்காருங்கள். ஒரு கர்ச்சீப்பைச் சுற்றி, பாட்டிலைப் படுக்க வைத்து, உள்ளங்காலால் முன்னும் பின்னும் உருட்டுங்கள். 10 நிமிஷம். வலி அடங்கும், உள்ளங்கால் இளகும், ஐஸும் உருகும். பாட்டிலைக் கழுவிவிட்டுக் குடியுங்கள்! செலவு ஒரு தண்ணீர் பாட்டில் காசுதான்!

சென்னை அருகே திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்தது. பரப்பு 60 ஏக்கருக்கும் மேல்! கொச்சி வொண்டர்லா அதைவிட 25 வயது மூத்தது. 2000-இல் அதன் பெயர் ‘வீகாலேண்ட்’!

ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி? 1,666 ஏக்கர்! உலகின் மிகப் பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸே சொல்லிவிட்டது. ஆனால் குதிகால் வலிக்காரர்களுக்கு இதுவே சுலபம், ஏனென்றால் உள்ளே சுற்றிக் காட்டுவதே பஸ்ஸில்தான்! ஏக்கரைப் பார்த்து மலைக்காதீர்கள். எவ்வளவு நடக்க வேண்டும், சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முதல் நாளே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மாமியாருக்கு 70 வயதாகிறது என்று சொல்லத் தயங்காதீர்கள்!

நம் ஊர் டூர் தீம் பார்க்கோடு முடிகிறதா என்ன? ‘மதுரை வரைக்கும் வந்துட்டு மீனாட்சியைப் பாக்காமப் போறதா?’ என்று வேனில் ஒரு பெரியம்மா கேட்டே தீருவார். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985! நடக்கும் தரையெல்லாம் கருங்கல்! கால்களோ வெறுங்கால்! ஆகவே கோயிலை முதலில் வையுங்கள், காலையிலேயே. கல்லும் குளிர்ந்திருக்கும், குதிகாலும் களைத்திருக்காது. பார்க் அப்புறம்!

தினம் 10,000 எட்டு நடக்கச் சொன்னது எந்த டாக்டர்? எந்த டாக்டரும் இல்லை! 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ என்ற எட்டு எண்ணும் கருவியின் விளம்பரம்! ‘குட்டி ஜப்பான்’ என்று பெயரெடுத்த சிவகாசிப் பக்கத்துக்காரர்களான நாம் பெரிய ஜப்பானின் விளம்பரத்தைத்தான் இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருக்கிறோம்! குதிகால் வலிக்கிற அன்று 4,000-த்தில் உட்கார்ந்தாலும் குற்றமே இல்லை!

செங்கல்லைச் சுட வைத்து, மேலே பழுத்த எருக்க இலையைப் போட்டு, குதிகாலை ஒற்றி ஒற்றி எடுக்கும் வைத்தியம் கரிசல் காட்டில் எந்த வீட்டிலும் தெரியும்! இலை வதங்கும் வாசனையோடு சூடு ஏறும்போது வலி இளகத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு கண்டிப்பு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து! சர்க்கரையால் கால் மரத்தவர்கள் செங்கல் பக்கமே போகக் கூடாது, வெந்து போனாலும் தெரியாது!

பித்தவெடிப்பு வேறு, இந்த வலி வேறு! வெடிப்பு தோலோடு போகிறது. இது தோலுக்கு அடியில் நாரில் இருக்கிறது. களிம்பை அரை டப்பா தேய்த்தாலும் நாருக்குப் போய்ச் சேராது!

‘ஊசி போட்டுக்கிட்டு ஜம்முனு போய் வந்துரலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்! குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்ட பிறகு அந்த நார்ப்பட்டை அறுந்துபோன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் உண்டு. இன்றைக்கு ஊசி, நாளைக்கு ரோலர் கோஸ்டர் என்பது கூடவே கூடாது!

ஆயிரக்கணக்கில் கொட்டி அச்செடுத்துச் செய்யும் இன்சோலா, கடையில் ரெடிமேடாகத் தொங்கும் இன்சோலா? 2006-இல் ஆஸ்திரேலியாவில் 135 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை! மிச்சப் பணத்தில் குடும்பத்துக்கே டிக்கெட் எடுக்கலாம்!

எப்போது டூரை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்? காலை ஊன்றவே முடியவில்லை, குதிகால் சிவந்து வீங்கியிருக்கிறது, காய்ச்சல் கூட வருகிறது, மரத்துப்போகிறது, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் போதும், ஓடுங்கள்! 40 வயதுக்குள் இரண்டு குதிகாலும் வலித்து, கூடவே விடியற்காலையில் இடுப்பும் விறைத்தால் அது வாத நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்!

மனிதனின் மூதாதையர் குதிகாலை ஊன்றி நடக்கத் தொடங்கி எவ்வளவு காலம்? தான்சானியாவில் லயெட்டோலி என்ற இடத்தில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகள் கிடைத்தன. குதிகால் பதிந்த பள்ளம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது! மேரி லீக்கியின் குழு கண்டுபிடித்த ஆண்டு 1978. தடங்களின் வயது 36 லட்சம் ஆண்டுகளுக்கு மேல்!

உலகிலேயே பழைய கேளிக்கைப் பூங்கா டென்மார்க்கில் இருக்கிறது. பெயர் பாக்கன். தொடங்கிய ஆண்டு 1583! இன்றும் கூட்டம் அலைமோதுகிறது!

அதே டென்மார்க்தான் குதிகாலுக்கும் ஓர் அபாரமான பயிற்சியைக் கொடுத்தது! துண்டைச் சுருட்டி மாடிப்படி விளிம்பில் வையுங்கள். விரல்களை அதன் மேல் வைத்து ஒற்றைக் காலில் நில்லுங்கள், கைப்பிடியை விடாதீர்கள். 3 நொடியில் மெதுவாக எக்குங்கள். உச்சியில் 2 நொடி. 3 நொடியில் இறங்குங்கள். முதலில் 12 தடவை, அப்படி 3 சுற்று. பழகியதும் முதுகுப் பையில் புத்தகங்களைப் போட்டுப் பாரத்தைக் கூட்டுங்கள். தினமும் வேண்டாம், ஒன்றுவிட்டு ஒரு நாள். ஒற்றைக் காலில் முடியாதவர்கள் இரண்டு காலிலும் தொடங்கலாம்!

மூன்றே மாதத்தில், வெறும் நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களை இவர்கள் முந்திவிட்டார்கள்! அறுவை சிகிச்சையே இல்லாமல் குணமாகிறவர்கள் 10-இல் 9 பேர். ஆனால் பலருக்கு ஒரு வருஷம்வரை ஆகிறது. ஆகவே தீபாவளி விடுமுறைக்கு டூர் என்றால் துண்டை ஆடியிலேயே சுருட்டுங்கள்!